மூட்டுத் தேய்மானத்தில் எலும்பு, குருத்தெலும்புச் சிதைவுக் குறியீடுகள்: ரிப்போர்ட்டைப் படிக்க முழுமையான வழிகாட்டி

தை மாதம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு நீடாமங்கலம் பக்கத்திலிருந்து என் அத்தை வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நான்கு பக்க ரிப்போர்ட். "தம்பி, ஜவ்வும் எலும்பும் சேந்து கரையுதாம். தடிப்பா போட்டிருக்கான் பாரு. இனிமே நடக்கவே முடியாதா?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. முழங்கால் வலிக்காக யாரோ சொல்லி, வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுக்கும் ஒரு 'எலும்பு மூட்டுத் தொகுப்பு' பரிசோதனையை எடுத்திருக்கிறார். அதில் 'பீட்டா சிடிஎக்ஸ்: 760' என்று இருந்தது. பக்கத்தில் '573 வரை இயல்பு' என்று போட்டு, 'அதிகம்' என்று தடித்த எழுத்து. அதற்குமேல் ஒரு விளக்கமும் இல்லை.

நான் ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவில் வேலை செய்கிறவன். இந்த எண்களை அச்சடித்துக் கொடுப்பவர்கள் நாங்கள்தான். படிக்கக் கற்றுக்கொடுக்காமல் எண்ணை மட்டும் கையில் திணிப்பது ஒரு மனிதரை எப்படி முடக்கிப்போடும் என்பதை அன்று என் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். ஆய்வகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், பிசியோதெரபி செய்பவர்களுக்கும், அப்பா அம்மாவின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்துத் திகைக்கும் பிள்ளைகளுக்கும் இது உதவும். மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது.

முதல் படி: எந்தப் பொருளின் துண்டை அளந்திருக்கிறார்கள்?

மூட்டில் இரண்டு எலும்புகள் உரசாமல் இருக்க அவற்றின் முனையில் வழுவழுப்பான ஓர் உறை இருக்கிறது. நாம் ஜவ்வு என்கிறோம், புத்தகத்தில் குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைப்பது அக்ரிகன் என்ற பஞ்சு போன்ற பொருள், அந்தப் பஞ்சைக் கட்டிவைப்பது இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற நார். குருத்தெலும்பிலுள்ள கொலாஜனில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வகைதான். எலும்பில் இருப்பதோ முதல் வகைக் கொலாஜன். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்துவிடும்.

நார் அறுபடும்போது அதன் நுனித் துண்டுகள் வெளியே வரும். எலும்பைக் கரைக்கும் செல்கள் முதல் வகை நாரை அறுத்தால் சிடிஎக்ஸ்-1 என்ற துண்டு ரத்தத்தில் கலக்கும். 'பீட்டா சிடிஎக்ஸ்' என்றோ 'பீட்டா கிராஸ்லாப்ஸ்' என்றோ அச்சிட்டிருந்தாலும் அது இதுதான். என்டிஎக்ஸ் என்பது அதே நாரின் மறுமுனைத் துண்டு. குருத்தெலும்பின் இரண்டாம் வகை நார் அறுபட்டால் சிடிஎக்ஸ்-2 வரும், அதைச் சிறுநீரில் அளப்பார்கள். பெயரில் ஒரே ஓர் எண்தான் வேறு. ஆனால் ஒன்று எலும்பு, மற்றது ஜவ்வு. அத்தையின் ரிப்போர்ட்டில் இருந்தது எலும்பின் துண்டு மட்டுமே. ஜவ்வைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 'ஜவ்வு கரையுது' என்பது யாரோ வாய்வழியாகச் சேர்த்தது.

சிதைவைச் சொல்லும் குறியீடு இருப்பதுபோல, கட்டுமானத்தைச் சொல்லும் குறியீடும் உண்டு. புது எலும்பு உருவாகும்போது வெளியே வருவது பி1என்பி. ஆஸ்டியோகால்சினும், எலும்புக்கான ஆல்கலைன் பாஸ்படேஸும் அதே பக்கம். குருத்தெலும்பில் புது நார் கட்டப்படுவதைக் காட்ட பிஐஐஏஎன்பி என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஆராய்ச்சிக்கூடத்தைத் தாண்டி அதிகம் வருவதில்லை. அப்புறம் காம்ப் என்ற புரதம். குருத்தெலும்பு நாரை ஒழுங்காக அடுக்கிவைக்க உதவுவது, மூட்டு அடிபடும்போதும் தேயும்போதும் ரத்தத்தில் கூடும். தசைநாணிலும், மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வான மூட்டு உறையிலும்கூட அது இருக்கிறது என்பதால் குருத்தெலும்புக்கு மட்டும் சொந்தமில்லை. மூட்டுத் திரவத்துக்கு வழுவழுப்பைத் தரும் ஹயலூரோனிக் அமிலம், மூட்டு உறையின் அழற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்.

ஆக, ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் நேரே பென்சிலால் இரண்டு சொற்கள் எழுதுங்கள்: எலும்பா ஜவ்வா, உடைவதா கட்டுவதா. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களை நான் முதல் நாள் செய்யச்சொல்வது இதைத்தான்.

இரண்டாம் படி: அந்தத் துண்டு எந்த மூட்டிலிருந்து வந்தது?

இதற்கு எந்த ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையும் பதில் சொல்லாது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எளிது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து எத்தனையோ வாய்க்கால், எத்தனையோ வயல். கடைசியில் எல்லா வயலின் கழிவுநீரும் வடிகாலில் சேரும். வடிகாலில் தண்ணீர் கலங்கலாக வந்தால் மேலே எங்கோ வரப்பு கரைகிறது என்று தெரியும். யார் வயல் வரப்பு என்று வடிகால் கரையில் நின்று சொல்ல முடியுமா?

ரத்தமும் சிறுநீரும் உடம்பின் வடிகால். சிடிஎக்ஸ்-2 கூடியிருந்தால் அது வலது முழங்காலாக இருக்கலாம், இடதாக இருக்கலாம், விரல் மூட்டுகளாக இருக்கலாம், இடுப்பாக இருக்கலாம். முதுகெலும்பின் வட்டுகளுக்குள்ளும் இரண்டாம் வகைக் கொலாஜன் உண்டு. வலிக்கிற மூட்டு ஒன்றாகவும் துண்டு வருகிற மூட்டு இன்னொன்றாகவும் இருக்க இடம் உண்டு. சிடிஎக்ஸ்-1 என்றால் இன்னும் அகலம், மண்டையோட்டிலிருந்து பாதம்வரை மொத்த எலும்புக்கூட்டின் கணக்கும் அதற்குள் வந்துவிடும். முழங்காலுக்காக எடுத்த பரிசோதனை என்பதால் எண்ணும் முழங்காலைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வயலில் தண்ணீர் ஏறி நிற்பதற்கு மடையில் வரத்து கூடியதும் காரணமாகலாம், வடிகால் அடைத்துக்கொண்டதும் காரணமாகலாம். சிடிஎக்ஸ்-1 துண்டுகளைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் எலும்பு அதிகம் உடையாமலேயே ரத்தத்தில் எண் ஏறும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கு இது வெறும் புத்தகச் செய்தி இல்லை, அந்த மாத்திரைகளே சிறுநீரகத்தைத் தளர்த்தும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினைப் பார்க்காமல் சிடிஎக்ஸ்-1 எண்ணை நான் படிப்பதே இல்லை. ஹயலூரோனிக் அமிலத்தைத் துடைத்தெடுப்பது கல்லீரல். குடிப்பழக்கம் உள்ளவரிடமோ கல்லீரல் சுருக்கம் உள்ளவரிடமோ அது கூடியிருந்தால் மூட்டைக் குறைசொல்வதற்கு முன் கல்லீரலைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: மாதிரி எப்போது, எப்படி எடுக்கப்பட்டது?

என் அனுபவத்தில் தவறான வாசிப்புகளில் பெரும்பகுதி பிறப்பது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

சிடிஎக்ஸ்-1 நாள் முழுக்க ஒரே அளவில் நிற்காது. விடியற்காலையில் உச்சம், மதியத்தை ஒட்டி அடிமட்டம். அதோடு, சாப்பிட்டால் இறங்கிவிடும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே இறங்கலாம். எனவே இரவு முழுக்க வெறும் வயிறு, காலை ஏழரை முதல் பத்து மணிக்குள் ரத்தம் எடுப்பது என்பதுதான் முறை. வெறும் வயிறு என்றால் காபியும் கூடாது. நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். "சாப்பிடலை சார், வெறும் காபிதான்" என்பார்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்த டம்ளர் காபி உணவுதான். பி1என்பி சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் அவ்வளவாக அசையாது. காலையில் வர முடியாதவர்களுக்கு அதுவே தோது.

காம்ப் வேறு மாதிரி. இரவு படுத்திருக்கும்போது இறங்கி, எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஏறும். அரை மணி நடையே அதை ஏற்றிவிடும். குறுவை நடவுக் காலத்தில் ஆறு மணிக்கே சேற்றில் இறங்கி, குனிந்து நாற்று நட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு ஆய்வகம் வரும் பெண்ணின் காம்ப் எண்ணில் அந்த மூன்று மணி நேரமும் கலந்திருக்கும். அவரை முதலில் நாற்காலியில் உட்காரவைத்து, அரை மணியாவது கழித்து எடுக்க வேண்டும். ஹயலூரோனிக் அமிலமும் இப்படித்தான், சாப்பிட்டதும் நடமாடியதும் அதை ஏற்றும்.

சிறுநீரில் சிடிஎக்ஸ்-2 பார்ப்பதென்றால் காலையில் முதல் முறை போனதை விட்டு இரண்டாம் முறையதைப் பிடிப்பது வழக்கம். முதல் தடவை எப்படி எடுத்தார்களோ, அடுத்த தடவையும் அப்படியே எடுக்க வேண்டும். ஒருமுறை இப்படி, மறுமுறை அப்படி என்றால் இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

திருத்துறைப்பூண்டியில் எடுத்த ரத்தம் சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகிறது என்பதும் முக்கியம். சிடிஎக்ஸ்-1 சாதாரணச் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில்) மெல்லச் சிதையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட குழாயில் அதைவிட நன்றாகத் தாங்கும். சிவப்பணு உடைந்து சீரம் சிவந்திருந்தால் எண் குறைந்து வர வாய்ப்பு உண்டு. சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் மூன்று மணி நேரம் கிடந்த குழாய்க்கு எந்தக் கருவியும் நியாயம் செய்ய முடியாது.

முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். பல ஆய்வகங்களில் சிடிஎக்ஸ்-1 பார்க்கும் கருவி பயோட்டினைப் பிடிமானமாக வைத்தே வேலை செய்கிறது. ரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் எண் பொய்யாகக் குறைந்து வரும். மருத்துவரிடம் சொல்லி இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுப்பது நல்லது.

நான்காம் படி: அலகும் எல்லையும்

0.76 நானோகிராம் என்பதும் 760 பிகோகிராம் என்பதும் ஒரே அளவுதான், ஒரு மில்லிலிட்டருக்கு. போன வருடம் 0.70, இந்த வருடம் 760 என்று பார்த்து ஆயிரம் மடங்கு ஏறிவிட்டதாகப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் அலகைப் பாருங்கள்.

அடுத்தது எல்லை. அத்தையின் ரிப்போர்ட்டில் அச்சாகியிருந்த 573 என்பது மாதவிடாய் நிற்காத பெண்களுக்கான மேல் எல்லை. அத்தைக்கு 61 வயது. பரவலாகப் பயன்படும் அதே முறையின் கையேட்டில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மேல் எல்லை 1008. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு உடைவதும் கட்டுவதும் வேகமாகிறது, எண் ஏறுகிறது. அந்த வயதுப் பெண்ணுக்கு 760 எல்லைக்குள்தான். எல்லைப் பட்டியலில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்து எல்லோருக்கும் அச்சடித்ததால், ஒரு குடும்பம் இரண்டு வாரம் தூங்கவில்லை. ஆய்வகத்தில் இருப்பவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய எல்லையை அச்சிடுங்கள். மென்பொருளில் அரை மணி நேர வேலை அது.

இந்த எல்லைகள் ஒரு கருவிக்கு ஒன்று என்று மாறும். ஒரு நிறுவனத்தின் முறையில் வந்த சிடிஎக்ஸ்-1 எண்ணை இன்னொரு நிறுவனத்தின் முறையில் வந்ததோடு நேரடியாக ஒப்பிட முடியாது. தொடர்ந்து பார்ப்பதென்றால் ஒரே ஆய்வகம், ஒரே முறை.

சிறுநீர் எண்ணுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும், துண்டுகளின் அடர்த்தியும் குறையும். அதைச் சரிசெய்யக் கிரியேட்டினினால் வகுக்கிறோம். ஒருவரது சிறுநீரில் ஒரு லிட்டருக்கு 2400 நானோகிராம் சிடிஎக்ஸ்-2, கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 90-ஐ 0.0884-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 8 மில்லிமோல். 2400-ஐ 8-ஆல் வகுத்தால் மில்லிமோலுக்கு 300. இதே 2400 நானோகிராம், ஆனால் கிரியேட்டினின் 45 மட்டும் என்றால் விடை 600. கிரியேட்டினின் பாதியானது சிறுநீர் நீர்த்ததால் என்றால் இந்தத் திருத்தம் நியாயம். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஒடிசலாக, சதைப்பற்றே இல்லாமல் இருக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு இயல்பிலேயே அது குறைவு. அவருடைய 600-ல் ஒரு பகுதி ஜவ்வு தேய்வதால் வந்தது இல்லை, தசை இல்லாததால் வந்தது. நம் கிராமத்துப் பாட்டிகளில் எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: உடம்பில் வேறு என்ன நடக்கிறது?

அத்தையிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான் எல்லாவற்றையும் திருப்பிப்போட்டது. "சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களா அத்தை?" ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தார். அது கை, இது கால் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. எலும்பு முறிந்து கூடும்போது உடைவது, கட்டுவது இரண்டின் குறியீடுகளும் ஏறும். பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்வரைகூட அந்த ஏற்றம் நிற்கும். மூன்று மாதத்தில் எடுத்த ரத்தத்தில் அந்த மணிக்கட்டின் கதையும் கலந்திருக்கிறது.

இதுபோல் எண்ணை அசைப்பவை பல. ஸ்டீராய்டு எலும்பு கட்டப்படுவதைச் சட்டென்று அடக்கும், பி1என்பி சில நாட்களிலேயே இறங்கும். மூட்டுக்குள் போட்ட ஊசி, ஆஸ்துமா மாத்திரை, உள்ளடக்கம் என்னவென்றே தெரியாத 'மூட்டுவலிப் பொடி' எல்லாவற்றையும் கேட்க வேண்டும். "அந்தப் பொடி சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துபோச்சு" என்று ஒருவர் சொன்னால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று எனக்கு உடனே சந்தேகம் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எலும்புக் குறியீடுகள் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். தைராய்டு மிகைச் சுரப்பிலும், ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பியான பாராதைராய்டின் மிகைச் சுரப்பிலும் ஏறும். வைட்டமின் டி மிகவும் குறைந்தால் பாராதைராய்டு தூண்டப்பட்டு ஏறும். எலும்பு அடர்த்திக்கான மருந்துகள் சிடிஎக்ஸ்-1-ஐ நன்றாக இறக்கும்.

ஆறாம் படி: தனியாகப் படிக்காமல் சேர்த்துப் படிப்பது

சிடிஎக்ஸ்-1, பி1என்பி இரண்டும் ஏறியிருந்தால் எலும்பு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. மாதவிடாய் நின்ற காலம், ஆறிவரும் முறிவு, பாராதைராய்டு, வைட்டமின் டி குறைவு என்று தேடுவோம். இரண்டும் இறங்கியிருந்தால் எலும்பு மருந்தோ ஸ்டீராய்டோ என்று பார்ப்போம். சிடிஎக்ஸ்-1 மட்டும் ஏறி பி1என்பி இயல்பாக இருந்தால், சிறுநீரகத்தையும் நீண்ட நாள் படுக்கையில் கிடந்தாரா என்பதையும் கேட்போம்.

சிடிஎக்ஸ்-2 ஏறி, எலும்புக் குறியீடுகள் அமைதியாக இருந்தால் குருத்தெலும்பின் பக்கம் கண் போகலாம். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கவனம் தேவை. குருத்தெலும்பின் அடியில், எலும்போடு ஒட்டும் இடத்தில் சுண்ணம் ஏறிய ஓர் அடுக்கு இருக்கிறது. எலும்பு வேகமாக மாறும்போது அந்த அடுக்கும் அரிக்கப்பட்டு சிடிஎக்ஸ்-2 வெளியே வரும் என்று கருதப் போதிய காரணங்கள் உண்டு. எலும்பு மருந்து கொடுத்தால் சிடிஎக்ஸ்-2 இறங்குவதும் மாதவிடாய் நின்றபின் அது ஏறுவதும் அதோடு பொருந்துகிறது. ஆக 'ஜவ்வின் குறியீடு' என்று நாம் நினைப்பதிலும் எலும்பின் குரல் கலந்திருக்கிறது.

உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி நன்றாக ஏறியிருந்தால் இது வெறும் தேய்மானம்தானா என்றே மறுபடி யோசிக்க வேண்டும். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறது என்றால் முடக்குவாதம் உண்டா என்று ஆர்ஏ காரணியும் எதிர்-சிசிபியும் பார்ப்பார் மருத்துவர். காய்ச்சலோடு ஒரே முழங்கால் சூடாக வீங்கினால் எந்தக் குறியீட்டுக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.

ஏழாம் படி: ஏறியது உண்மையிலேயே ஏறியதா?

இரண்டு முறை எடுத்த எண்கள் ஒன்றுபோல் வராது. கருவியின் ஊசலாட்டம் கொஞ்சம், உடம்பின் அன்றாட ஊசலாட்டம் கொஞ்சம். இரண்டையும் தாண்டிய மாற்றத்தைத்தான் மாற்றம் என்று சொல்லலாம். அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: இரண்டு ஊசலாட்ட விழுக்காடுகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77-ஆல் பெருக்க வேண்டும். கருவிக்கு 6, உடம்புக்கு 10 விழுக்காடு என்றால் 36-ம் 100-ம் சேர்ந்து 136, அதன் வர்க்கமூலம் 11.66, பெருக்கினால் ஏறத்தாழ 32 விழுக்காடு. அதாவது 300 இருந்தது 360 ஆனால் அது 20 விழுக்காடுதான், மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 420 ஆனால் 40 விழுக்காடு, அப்போது பேசலாம். உங்கள் ஆய்வகத்திடம் அவர்களுடைய கருவியின் ஊசலாட்ட விழுக்காட்டைக் கேளுங்கள். தரக் கட்டுப்பாடு ஒழுங்காகச் செய்யும் ஆய்வகத்திடம் அது இருக்கும்.

எட்டாம் படி: இந்த எண்ணால் எதை முடிவுசெய்யலாம்?

இந்தக் குறியீடுகளின் பயன்களை வகைப்படுத்த 2006-ல் பைபெட் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். நோயின் சுமையைக் காட்டுவது, இன்னும் ஆய்வில் இருப்பது, வருங்காலத்தைக் கணிப்பது, சிகிச்சையின் பலனைக் காட்டுவது, நோயைக் கண்டறிவது என்று ஐந்து வேலைகள். ஒரு குறியீடு ஒரு வேலைக்கு உதவலாம், இன்னொன்றுக்கு உதவாமல் போகலாம். கூட்டமாக ஆயிரம் பேரை எடுத்தால் சிடிஎக்ஸ்-2 கூடியவர்களுக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் கூடுதலாகத் தெரிகிறது, அது உண்மை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனி மனிதருக்கு?

அமெரிக்காவில் 600 பேரை வைத்து ஒரு பெரிய கூட்டாய்வு நடந்தது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களில் யாருக்கு வலியும் எக்ஸ்ரே மாற்றமும் சேர்ந்து மோசமாகும் என்று குறியீடுகளால் சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். சிறுநீர் சிடிஎக்ஸ்-2 உட்படச் சில முன்னே நின்றன. ஆனால் கணிப்புத் திறனை அளக்கும் அளவுகோலில் 0.5 என்றால் காசு சுண்டிப்போடுவது, 1 என்றால் முழுச் சரி. எல்லாவற்றையும் சேர்த்தும் அது 0.7-ஐத் தொடவில்லை.

இன்னும் அழுத்தமான பாடம் 2006-ல் முடிவு வெளியான ரிசெட்ரோனேட் ஆய்வு. எலும்பு அடர்த்திக்கான அந்த மருந்தை முழங்கால் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 2,500 பேர், இரண்டு வருடம். அளவு கூடக்கூட சிடிஎக்ஸ்-2 அழகாக இறங்கியது. வலி குறைந்ததில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட வேறுபாடில்லை. மூட்டு இடைவெளி சுருங்குவதும் நிற்கவில்லை. எண் இறங்கியது, முழங்கால் அப்படியே இருந்தது. 'இதைச் சாப்பிட்டால் தேய்மானக் குறியீடு குறையும்' என்று எந்த டப்பாவைக் காட்டினாலும் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

அதனால் நான் நேராகச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனைகள் வேண்டாம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல், நடந்தால் வலி, உட்கார்ந்தால் தேவலை, காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் மருத்துவர் கேட்டும் தொட்டும் பார்த்தே சொல்லிவிடுவார், தேவைப்பட்டால் நின்றபடி ஓர் எக்ஸ்ரே. உலகில் எங்கும் இந்தக் குறியீடுகள் தேய்மானத்துக்கான அன்றாட மருத்துவத்தில் இடம்பெறவில்லை. அந்தப் பணத்தில் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியை நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம். கூடுதல் எடை இருப்பவர் ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. எந்தக் குறியீடும் தராத நிம்மதி அது.

சிடிஎக்ஸ்-1, பி1என்பி ஆகியவற்றுக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. எலும்புப் புரைக்கு, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்க்கு, மருந்து தொடங்கினால், அது வேலை செய்கிறதா, நோயாளி ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மூன்று முதல் ஆறு மாதத்தில் காட்டிக்கொடுப்பவை அவைதான். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் மாற்றம் தெரிய அதைவிட அதிக நாள் ஆகும்.

அத்தைக்கு என்ன செய்தோம்?

நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்புப் புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு பக்க ரிப்போர்ட்டில் இல்லாத செய்தி இது, அத்தையின் மாவுக்கட்டில் இருந்தது. கும்பகோணத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன், அவர் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பில் அடர்த்தி குறைவாகவே இருந்தது. வைட்டமின் டி, கால்சியம், கிரியேட்டினின் பார்த்துவிட்டு மருந்து தொடங்கினார். முழங்காலுக்குத் தனியாகப் பயிற்சி. இந்த மருந்து மணிக்கட்டையும் இடுப்பையும் காக்க, முழங்கால் வலியை அது குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அத்தையிடம் அவரே பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மருந்துக்கு முந்தைய ஒப்பீட்டு எண்ணாக அந்த 760-ஐ வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருந்தது, அதில் முறிவின் பங்கும் கலந்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டே மருத்துவர் எழுதிவைத்தார். அடுத்த ரத்தம் ஆடியில். அதற்கான சீட்டின் மேல் நான் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: வயது 61, மாதவிடாய் நின்று பத்து வருடம், ஐப்பசியில் மணிக்கட்டு முறிவு, எலும்பு மருந்து தொடங்கிய தேதி, ஸ்டீராய்டு இல்லை, பயோட்டின் இல்லை, போனமுறை எடுத்த அதே ஆய்வகம், காலை எட்டு மணி, காபி குடிக்காமல்.

"காபி கூடவா கூடாது?" என்றார் அத்தை.

"ரத்தம் எடுத்த கையோட நானே வாங்கித் தரேன் அத்தை."